ஏட்டில் இல்லாத பெயர்: மதுரையில் வீடு, வாடகை, வரி - ஒரு வரலாற்றுப் பார்வை

 

வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையத்தைக் கடந்து செல்லாத மதுரைவாசி இருக்க முடியாது. அங்குள்ள தர்காவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. (ஜியாரத் குறித்து நம்மிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை நான் இங்கே பேச வரவில்லை; கல்லில் உள்ள எழுத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.) கூன் பாண்டியன் காலத்தில் சொக்கிகுளம், பீபிகுளம், திருப்பாலை, கண்ணனேந்தல் உள்ளிட்ட ஆறு கிராமங்கள் 14,000 பொன்னுக்கு அந்த அடக்கத்தலத்துக்கு உரியனவாயின. பின்னாளில் அந்த உரிமையில் வழக்கு எழுந்தது. 1573ஆம் ஆண்டு மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர் அவ்வழக்கை விசாரித்து, பாண்டியன் காலத்து ஏற்பாடே செல்லும் என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பே கல்லில் பொறிக்கப்பட்டது.

தீர்ப்பளித்தவர் எந்தச் சமயத்தார், தீர்ப்பைப் பெற்றவர்கள் எந்தச் சமயத்தார் என்பதைக் கவனியுங்கள். ஆட்சியாளர் முந்தைய ஏற்பாடு என்ன என்று பார்த்தார். அது உறுதியானதும் அதன்படி நடந்தார். தீர்ப்பையும் தம் அரண்மனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. வருவோர் போவோர் எல்லாரும் காணும்படி கல்லில் எழுதச் செய்தார்.

இது நாம் பெருமைப்படத்தக்க செய்திதான். ஆயினும் இன்னொரு கேள்வியும் அதோடு எழுகிறது. அந்த ஆறு கிராமங்களில் பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? உரிமையாளரின் எழுத்து நானூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது. குடியிருந்தவருக்கு எழுத்தே கிடையாது. மதுரையின் வீட்டு வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இல்லாத பெயர்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

பாண்டிய நாட்டின் ஊராட்சி வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர்க் கல்வெட்டு கி.பி. 800ஐ ஒட்டியது, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஊர்ச் சபையில் யார் அமரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது விதிக்கிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே சபையைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. சோழ நாட்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் போட்டியிட முடியாது; அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. இன்று எந்த உள்ளாட்சிச் சட்டத்திலும் இவ்வளவு கடுமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மேடைக்கு மேடை நாம் இதை எடுத்துச் சொல்கிறோம்.

ஆனால், அதே கல்வெட்டின் மற்றொரு தகுதி விதியை எவரும் மேடையில் சொல்வதில்லை. குடவோலையில் பெயர் இட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அதாவது, பிறர் வீட்டில் குடியிருப்பவருக்கு ஊர்க் கணக்கைக் கேட்கும் இடத்தில் இருக்கையே இல்லை. கணக்குக் காட்டும் ஒழுங்கு உயர்ந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமையாகும்.

இனி மதுரை நகருக்குள் வருவோம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். சுவரை இடித்து அகழியை நிரப்ப முன்வந்தவர்களுக்கு அந்த மனையே கொடுக்கப்பட்டது. வெளி வீதிகள் அப்படி உருவானவை. அந்த வேலையை மேற்பார்வையிட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயரால் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. ஜவுளி வாங்கச் செல்லும்போது நீங்கள் அடையாளமாகச் சொல்லும் விளக்குத்தூண் அந்தக் கலெக்டரின் நினைவாக எழுப்பப்பட்டதுதான். நகரத்தின் நெருக்கடி தீர்ந்தது, உழைத்தவருக்கு மனை கிடைத்தது. நிபந்தனை என்ன என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1866இல் மதுரை நகராட்சி ஏற்பட்டது. அதன் வருவாய்க்கு வீட்டு வரி முக்கியமான தூண். அந்நாளைய உள்ளாட்சி வாக்குரிமை வரி செலுத்துவோருக்கே உரியதாக இருந்தது. வீட்டுக்காரர் வரி கட்டுகிறார், வாக்களிக்கிறார். அவ்வரியைத் தம் வாடகையின் வழியாகச் சுமப்பவரோ பேரேட்டிலும் இல்லை, வாக்காளர் பட்டியலிலும் இல்லை.

1889இல் தொடங்கிய ஹார்வி மில் என்னும் மதுரை மில், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆட்களை நகருக்கு இழுத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ஆரப்பாளையம், மகபூப்பாளையம், முனிச்சாலை, நெல்பேட்டை, தெற்குவாசல் என்று எங்கு பார்த்தாலும் காம்பவுண்டு வீடுகள் எழுந்தன. ஒரு நடை, அதன் இருபுறமும் ஓரறை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை. பத்துக் குடும்பம் இருந்தாலும் நகராட்சிப் பேரேட்டில் அது ஒரே கதவு எண், ஒரே பெயர்.

குடியிருப்பவரின் பெயரைச் சட்டம் முதன்முதலில் எழுதியது யுத்த காலத்தில்தான். இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் வீடு கிடைக்காமல் வாடகை ஏறவே, 1941இல் சென்னை மாகாண அரசு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டு வந்தது. 1946இல் அது சட்டமாயிற்று. 1949இல் புதுச் சட்டம். பிறகு 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம். இந்தக் கடைசிச் சட்டம்தான் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மதுரையின் வீடுகளையும் கடைகளையும் ஆண்டது.

அதன் ஏற்பாடுகளைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பெரியவர்கள் பலர் அதன் நிழலில்தான் வாழ்ந்தார்கள். வாடகையை வீட்டுக்காரர் தன் விருப்பப்படி வைக்க முடியாது. நியாய வாடகை நிர்ணயிக்கும்படி இரு தரப்பில் எவரும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்யலாம். 1973ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குடியிருப்புக்கு மனை, கட்டட மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவிகிதம், கடைகளுக்கு 12 சதவிகிதம் என்று அளவு வைத்தார்கள். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கிய வாடகைக்கு ரசீது கொடுத்தாக வேண்டும். வாங்க மறுத்தால்? குடியிருப்பவர் முதலில் வங்கிக் கணக்கைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். பதில் இல்லையென்றால் மணியார்டர் அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பி வந்தால் அலுவலரிடம் பணத்தைக் கட்ட வேண்டும். திரும்பி வந்த மணியார்டர் ரசீதுகளைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் காகிதம்தான் அவர்களுக்கு வீடு.

இந்தப் படிகளில் ஒன்றைத் தவறவிட்டவர் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார். சட்டம் தெரிந்தவருக்குக் கேடயமாக இருந்தது, படிக்கத் தெரியாத மில் தொழிலாளிக்குக் கண்ணியாகவும் ஆனது. மறுபுறம், வீட்டுக்காரருக்கும் நேர்ந்த அநீதியை மறைக்கக் கூடாது. ஒற்றை வீட்டின் வாடகையை நம்பியிருந்த விதவைகள், முப்பது ஆண்டுக்கு முந்தைய வாடகையையே வாங்கிக்கொண்டு ஓட்டைக் கூட மாற்ற முடியாமல் தவித்தார்கள். சொந்த மகனுக்குத் திருமணமாகி வீடு தேவைப்பட்டபோது, முன்சீப் நீதிமன்றம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வழக்கு மகனுக்கு மகன் பிறந்த பின்னும் நடந்தது. ஏழை எப்போதும் குடியிருப்பவராகவே இருப்பார் என்று எண்ணுவது தவறு. நீதி என்பது ஆளைப் பார்த்துச் சாய்வதன்று. ஏழை என்பதற்காகவும் சாயக் கூடாது என்பது நமக்கு அந்நிஸா அத்தியாயம் கற்றுத் தந்த பாடம்.

வரியும் வாடகையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1970இல் உச்ச நீதிமன்றம் குண்டூர் நகராட்சி வழக்கில் தெளிவாக்கியது. அன்று நகராட்சிகள், வீட்டுக்கு எவ்வளவு வாடகை நியாயமாகக் கிடைக்கும் என்று கணித்து அதன்மேல் வரி விதித்தன. வாடகைச் சட்டம் அனுமதிக்காத வாடகையைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு வரி போட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அவ்வழக்கு 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் பற்றியது. மதுரையும் 1971 மே மாதம் மாநகராட்சியாக உயரும் வரை அச்சட்டத்தின் கீழ்தான் இருந்தது. அரசாங்கம் ஒரு கையால் வாடகையைக் கட்டிப்போட்டு மறு கையால் அதிக வாடகை வருவதாகக் கணக்கு எழுத முடியாது என்று சொன்ன அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆட்சி வீட்டைத் தொடும்போது அதுவும் கணக்குக்குக் கட்டுப்பட்டதே. கலீஃபா உமர் (ரலி) மதீனாப் பள்ளியை விரிவாக்க முனைந்தபோது, பள்ளியை ஒட்டியிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அப்பாஸ் (ரலி) தர மறுத்தார்கள். கலீஃபா காவலரை அனுப்பவில்லை. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்று, வழக்காடியாக அவர்கள் முன் அமர்ந்தார்கள். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னரே அப்பாஸ் (ரலி) தாமாக அவ்வீட்டைத் தர்மமாகக் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்காக என்றாலும் பிறர் வீட்டை வலிந்து எடுப்பதற்கில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஏனெனில் அடுத்து நான் சொல்லப் போவது பள்ளிவாசல் வீடுகளைப் பற்றி.

1976 ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமயப் பொது அறக்கட்டளைகளுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு. அந்த ஆணையை எதிர்த்துக் குடியிருந்தோர் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. அறக்கட்டளைக்குச் சொற்ப வாடகையே வந்துகொண்டிருந்தது, தர்ம காரியம் நின்றது என்பது காரணம். அதில் நியாயம் உண்டு. வக்ஃபின் கடையை எட்டணா வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, உள்வாடகைக்கு விட்டுப் பல மடங்கு சம்பாதித்தவர்களை எந்த மஹல்லாவும் அறியும். 2017ஆம் ஆண்டின் புதிய சட்டமும் பதிவு பெற்ற வக்ஃபுகளின் கட்டடங்களைத் தனக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

இதன் பொருள் என்னவென்று நிதானமாகச் சிந்தியுங்கள். மதுரையில் ஒரு தனியாரின் வீட்டில் இருப்பவருக்கு 1976க்குப் பிறகும் நியாய வாடகை கேட்கச் சட்டம் இருந்தது. அடுத்த வாசலில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீட்டில் இருப்பவருக்கு அது இல்லை. அவருக்கும் அநீதிக்கும் இடையே நின்றது முத்தவல்லியின் இறையச்சம் ஒன்றுதான். சட்டம் நம்மை நம்பி விலகி நின்றது. அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன செய்தோம்? வக்ஃபுச் சட்டப்படி ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு அனுப்புவதோடு கடமை முடிந்ததாக எண்ணும் நிர்வாகங்கள் பல. எந்தக் கடைக்கு எவ்வளவு வாடகை, யாருக்கு எந்த ஆண்டு விடப்பட்டது, முன்பணம் எவ்வளவு என்பதைத் தொழுகைக்கு வருவோர் படிக்கும்படி சுவரில் ஒட்டிய பள்ளிகள் சில. அப்படி ஒட்டிய இடங்களில் சண்டை கூடும் என்று அஞ்சினார்கள். நான் பார்த்தவரை, குறைந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22ஆம் தேதி முடிவுக்கு வந்து, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை என்ற பழைய ஏற்பாடு அதில் இல்லை; இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. பதிலாக, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதியப்பட வேண்டும் என்கிறது. முன்பணத்துக்குப் பொதுவாக மூன்று மாத வாடகையே அளவு. தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. குடியிருப்பவரின் பெயர் முதன்முறையாக வழக்கு வரும் முன்பே ஓர் அரசு ஏட்டில் ஏறுகிறது. நல்லதுதான். ஆனால், ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை என்பதையே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாகவும் இச்சட்டம் வைத்திருக்கிறது. எழுதச் சொல்லித் தயங்கி நிற்கும் குடியிருப்பவருக்கு, எழுதாமல் போனதன் தண்டனையும் வருகிறது. வில்லாபுரத்திலோ ஆனையூரிலோ இன்று வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் இதை அறிந்துகொள்வது அவசியம். (நம் தென்மாவட்டங்களின் ஒத்தி முறையைப் பற்றிச் சிலர் கேட்கிறீர்கள். கடனுக்குப் பதிலாக வீட்டில் வாடகையின்றி இருப்பது மார்க்கத்தில் ஆகுமா என்பது தனிக் கட்டுரைக்குரியது. இன்ஷா அல்லாஹ் பிறகு எழுதுவேன்.)

உள்ளாட்சியின் பக்கம் வருவோம். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் என்றது. தமிழகத்து நகரங்களில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் மதுரையில் கவுன்சிலரே இல்லை. மன்றம் வந்த சில வாரங்களில், ஏப்ரல் முதல் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவிகிதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவிகிதமும் என்று பரப்புக்கேற்ப வைத்தார்கள். சிறு வீட்டுக்கு இரங்கியது சரியே. எனினும் பல காம்பவுண்டுகளில் வரி ரசீதைக் கண்ணில் பார்க்காதவர்களின் வாடகையும் அந்த ஆண்டு ஏறியது.

அதன் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். அலுவலர்களின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கணினியில் சில கட்டடங்களின் சொத்து வரி முறைகேடாகக் குறைக்கப்பட்டது என்று மாநகராட்சி ஆணையரே 2024இல் காவல்துறையில் புகார் செய்தார். கைதுகள் நடந்தன, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரணையில் தலையிட்டது. 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றம் யார்மீது எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். விசாரணை முடியும் முன் தீர்ப்புச் சொல்வது நமக்கு ஆகாது. ஆனால், அந்த வழி எப்படித் திறந்தது என்பதைப் பேசலாம். கல்லில் எழுதிய கணக்கைத் திருத்த ஊர் நடுவே உளியோடு நிற்க வேண்டும். பூட்டிய ஏட்டைத் திருத்த ஒரு சொல் போதும். ஒரு பெரிய கட்டடத்தின் வரி குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்டுபவர் யார்? தெரு விளக்கும் சாக்கடையும் கேட்டு நிற்கும் காம்பவுண்டு வீட்டுக்காரர்தான்.

ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று கேட்டார்கள். தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். பொதுப் பணத்தின் கணக்கு என்பதால் பொதுவில் கேட்டார்கள்.

நாமும் கேட்பதற்கு வழி இருக்கிறது. தமிழகத்தில் 1997இலும், நாடு முழுவதற்குமாக 2005 அக்டோபர் 12 முதலும் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. உங்கள் வார்டின் செலவுக் கணக்கைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கின. அப்பகுதி வாக்காளர் எவரும் அதில் எழுந்து பேசலாம். உத்திரமேரூரில் மனை இல்லாதவருக்குக் கிடைக்காத இருக்கை இது. அதில் நம்மவர் எத்தனை பேர் போய் அமர்ந்தோம்?

இனி நம் சொந்தக் கதவுக்கு வருவோம். ஃபிக்ஹ் நூல்களில் இஜாரா பாடத்தைத் திறந்தால், ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் முதலில் நிற்கும் நிபந்தனை, வாடகையும் பயனும் அதன் காலமும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே. அறியப்பட்டது என்றால் இருவருக்கும் அறியப்பட்டது. மக்காவின் வீடுகளுக்கு ஹஜ் காலத்தில் வாடகை வாங்கலாமா என்று கூட இமாம்கள் விரிவாக விவாதித்தார்கள். அபூ ஹனீஃபா (ரஹ்) அதை வெறுத்தார்கள், ஷாஃபி (ரஹ்) அனுமதித்தார்கள். வாடகை அவர்களுக்குச் சில்லறை விஷயமாக இருக்கவில்லை.

இஷாவுக்குப் பின் என்னிடம் வரும் வீட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவை முன்பணத்தைப் பற்றியவை. ஆகவே அதைச் சொல்லி நிறுத்துகிறேன். அட்வான்ஸ் என்று வாங்கும் பணத்தை வீட்டுக்காரர் செலவழித்துக்கொள்கிறார் என்றால், அது அவர்மீதுள்ள கடன். வெள்ளையடித்த செலவு, உடைந்த கண்ணாடி என்று கழிப்பதானால், எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த பின்பே கழிக்க வேண்டும். மதிப்புக் குத்துமதிப்பாக இருக்கக் கூடாது. புதிய சட்டம் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. கையில் பணம் இருப்பவருக்கு மார்க்கத்தில் அந்த ஒரு மாதமும் இல்லை. வேறு ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால் தருகிறேன் என்பது வசதி உள்ளவர் சொல்லக் கூடிய பதிலல்ல. குடியிருந்தவர் மவுத்தாகிவிட்டால் அந்தப் பணம் அவருடைய வாரிசுகளுக்குரியது; மனைவிக்கு, மக்களுக்கு, பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு. தனியாக வாழ்ந்து போனவர் என்றால் ஊரில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் இறந்துவிட்டால், சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன் அந்தக் கடன் கழிய வேண்டும். அதற்கு, இன்ன வீட்டில் இன்னாரிடம் இவ்வளவு வாங்கியிருக்கிறேன் என்று ஒரு நோட்டில் இன்றே எழுதி, அதில் குடியிருப்பவரின் கையெழுத்தையும் வாங்கி, அவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.